துணியில்லாத சலவை

வாஷிங் மெஷினின் கதவைச் சாத்தி, உள்ளே ஒரு கைக்குட்டைகூட இல்லாமல், இருப்பதிலேயே நீளமான சலவையைத் தேர்ந்து பொத்தானை அழுத்தினாள். தண்ணீர் இறங்கும் சத்தம் கேட்டதும் கைப்பையை எடுத்துக்கொண்டு பஸ் பிடிக்க ஓடினாள். இனி மூன்று மணி நேரத்துக்கு அவள் வீட்டில் இருக்கிறாள். அப்படித்தான் கணவனின் போன் சொல்லும்.

கணவனுக்கு வெளியூரில் வேலை, மாதக்கணக்கில். போவதற்கு முன் மெயின் போர்டில் ஒரு சின்னப் பெட்டியைப் பொருத்திவிட்டுப் போனான். கரண்டை மிச்சம் பிடிக்கவாம். வீட்டில் எது எப்போது ஓடுகிறது, எத்தனை யூனிட் என்று அவன் போனில் கோடு கோடாக வந்துவிடும். "பட்டப்பகல்ல ஹீட்டர் எதுக்கு?" என்று அங்கிருந்தே கேட்பான். கரண்டைப் பிடித்தானோ இல்லையோ, பெண்டாட்டியை நன்றாகவே பிடித்து வைத்திருந்தான்.

நாலு பேர் நடுவில் அவளுடைய அம்மா, "எம் பொண்ண ஏன் வேலைக்கு விடமாட்டேங்கிறீங்க மாப்பிள்ளை?" என்று கேட்டுவிட்டாள். அன்றைக்கே, "அந்த வாசலை மிதிச்சா இந்த வாசல்ல கால் வைக்காதே" என்று சொல்லிவிட்டான். அம்மா படுத்த படுக்கையான பிறகும் அவன் இறங்கி வரவில்லை. முதலில் அவள் காரில்தான் திருட்டுத்தனமாகப் போய் வந்தாள். அவன் ஊரெல்லாம் பெருமையடித்து வாங்கிக் கொடுத்த எலக்ட்ரிக் கார். அதுவே போட்டுக் கொடுத்துவிட்டது. "கடைக்குப் போய் வந்ததுக்கு இவ்வளவு சார்ஜ் ஏறாதே, எங்க சுத்தின?" கார் ஏ.சி. மேல் பழியைப் போட்டுத் தப்பித்தாள். அதிலிருந்து பஸ். வீட்டில் ஆளில்லாதது தெரியாமலிருக்க மெஷின்.

இன்றைக்கு அம்மாவுக்குத் தலை வாரிவிட்டாள். சிக்கெடுத்தபோது வலித்திருக்க வேண்டும், அம்மா கண்ணை மூடித் தலையைக் கொடுத்திருந்தாள். கிளம்பும்போது கையைப் பிடித்துக்கொண்டு, "இன்னிக்கு ஒரு ராத்திரி இரேன்டி" என்றாள்.

"நாளைக்கு வர்றேம்மா."

விளக்குப் போடும் நேரத்தில் வீடு இருட்டாக இருந்தால் போன் வருமே. அம்மாவின் விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்தெடுத்தாள். அவளுக்கே அவளைப் பிடிக்கவில்லை.

வீட்டு விளக்குகளைப் போட்டு, காலையில் கடைக்குப் போய் வந்த காரைச் சார்ஜில் மாட்டி நிமிர்ந்தபோது தம்பி கூப்பிட்டான்.

"அக்கா... அம்மா போயிட்டாங்க."

சார்ஜர் வயரைப் பிடுங்கி எறிந்துவிட்டுக் காரை எடுத்தாள். தெருமுனை திரும்புவதற்குள் கார் ஸ்பீக்கரில் கணவனின் குரல்.

"சார்ஜ் ஏன் பாதியில நின்னுது?"

"எங்கம்மா செத்துட்டாங்க."

ஐயோ என்றாவது சொல்வான் என்று அவளுடைய வெட்கங்கெட்ட மனசு காத்திருந்தது.

"உனக்கு யார் சொன்னா?"

"மத்தியானம் நான்தான் அவங்களுக்குத் தலை வாரிவிட்டேன்."

"மத்தியானமா? மெஷின் ஓடிச்சே!"

குரலில் கோபம்கூட இல்லை. கணக்கு ஒத்துவராதவனின் குழப்பம்தான் இருந்தது.

"ஓடிச்சு" என்றாள்.

அம்மாவின் தெருவில் ஒரு வேன் வழியை அடைத்து நின்றது. இரண்டு பேர் பிளாஸ்டிக் நாற்காலிகளை இறக்கி வாசலில் வரிசையாகப் போட்டுக்கொண்டிருந்தார்கள். அவர்களில் ஒருவர், கொஞ்சம் பொறுங்கள் என்று அவளுக்குக் கை காட்டினார். "எத்தனை நாளா இது நடக்குது?" என்று ஸ்பீக்கர் கேட்டுக்கொண்டே இருந்தது. நாற்காலிகள் இன்னும் இறங்கிக்கொண்டிருந்தன.