ஏழாம் நம்பர் ஜீன்

ஆய்வுக்கூடத் தலைவர் எதையும் படிக்காமல் கையெழுத்துப் போடுவார். "படிக்க நீ இருக்கே, கையெழுத்துக்கு நான் இருக்கேன்" என்பார் தன் ஆராய்ச்சி மாணவியிடம். அங்கே வேலைப் பங்கீடே அதுதான்.

கோதுமைப் பயிர் கிருமிகளைக் கொல்லத் தானே உண்டாக்கும் குட்டிப் புரதங்களுக்கு எந்தெந்த ஜீன் பொறுப்பு என்று நான்கு வருடமாகத் தேடினாள் அந்த மாணவி. ஜீன்களைப் பிரித்தெடுக்க, பூஞ்சை நோய் பிடித்த இலைகளை மட்டுமே அரைத்தார்கள்.

"நல்ல இலையில என்னத்தைத் தேடப்போற? காய்ச்சல்காரனுக்குத்தானே தெர்மாமீட்டர்!" என்று தலைவர் சொல்லிவிட்டார்.

முப்பது ஜீன்கள் கிடைத்தன. ஏழாவது சூரப்புலி, கிருமியைத் துடைத்துப் போட்டது. ஆய்வுப் பத்திரிகை ஒன்று கட்டுரையை ஏற்றுக்கொண்டது. கண்டுபிடிப்பை அறிவிக்கும் விழாவுக்கு அழைப்பிதழும் அடித்தாயிற்று. அப்புறம்தான் அவள் மனசு கேட்காமல், நோயில்லாத இலையையும் அரைத்துப் பார்த்தாள். நோய் வந்தாலும் வராவிட்டாலும் பயிருக்குள் இருக்கவேண்டிய ஏழாவது ஜீன், அதில் இல்லவே இல்லை.

"அப்போ அது யாரோடது?" என்றாள் ஆய்வுக்கூடத்துக்குச் செடி வளர்க்கும் அக்கா.

"பூஞ்சையோடது, அக்கா. போட்டிக்கு வர்ற மத்த கிருமிங்களைக் கொல்ல அது வெச்சிருக்கறது. இலை மேல உட்கார்ந்திருந்ததையும் சேர்த்து அரைச்சுட்டோம்."

"அடிப்பாவி! திருடனைப் பிடிச்சு வந்து காவல்காரன்னு பட்டம் குடுக்கறீங்களா?"

தலைவரிடம் போனாள். அவர் முழுசாகக் கேட்கவில்லை.

"மேடை போட்டாச்சும்மா. உன் ஆய்வேட்டுல என் கையெழுத்து வேணுமா, வேண்டாமா?"

"வேணும் சார்."

"அப்போ ஏழாவது கோதுமையோடதுதான்."

கையெழுத்து இல்லாவிட்டால் நான்கு வருடமும் பாழ். இருந்தால் பொய்யைச் சுமந்துகொண்டு டாக்டர் என்று திரிய வேண்டும். இரண்டு நாள் உட்கார்ந்து ஆய்வேட்டைத் திருத்தி எழுதினாள்.

மூன்றாம் நாள், ஏழாவது ஜீன் இல்லாத ஆய்வேட்டையும், கட்டுரையிலிருந்து அதை நீக்கச் சொல்லிப் பத்திரிகைக்கு ஒரு கடிதத்தையும் லீவு விண்ணப்பங்களோடு கையெழுத்துக் கோப்பில் வைத்துக் கொண்டுபோனாள்.

"சார், படிச்சுப் பாத்துட்டுப் போடுங்க. ஏழாம் நம்பர் விஷயம் இதுல இருக்கு."

"அதான் பேசி முடிச்சாச்சே! படிக்க நீ இருக்கே..." பேனா கடைசிப் பக்கம்வரை ஓடியது.

விழாவுக்கு முந்தின நாள் ஏழாவதை நீக்கிவிட்டதாகப் பத்திரிகையிலிருந்து பதில் வந்தது. தலைவர் அறையே அதிர்ந்தது.

"ஏழாவதை எடுத்தது யாரு?"

"நீங்கதான் சார். உங்க கையெழுத்து இருக்கு."

"நான் எங்கம்மா படிச்சேன்?"

வாசலில் பூவாளியோடு நின்ற அக்கா தலையாட்டினாள். "நான் இங்க வேலைக்கு வந்த பதினெட்டு வருஷத்துல இன்னிக்குத்தான் சார் வாயைத் திறந்து ஒரு உண்மையைச் சொல்லியிருக்கார்."