பஞ்சப்படியும் தள்ளுபடியும்

விடியுமுன்பே பொன்னூஞ்சல் சூப்பர் மார்க்கெட்டின் பின்கதவைத் திறந்துவிடுவார்கள். கண்ணாடி, குளிர்காற்று, கைகூப்பி நிற்கும் பொம்மை எல்லாம் திண்டுக்கல் பழனி ரோட்டைப் பார்த்த முன்கதவுக்குத்தான். பின்கதவுக்கு ஒரு தகர ஷட்டரும் அதற்கு முட்டுக்கொடுக்க ஒரு செங்கல்லும் போதும். அந்த வழியாகக் குனிந்து உள்ளே போன செபாஸ்தியம்மாள், சேலைக்கு மேலே மஞ்சள் கோட்டை மாட்டிக்கொண்டு, தலைத்துண்டை இறுக்கிக் கட்டி, துவரம்பருப்பு மூட்டையின் வாயைப் பிரித்தாள். குப்பென்று எழுந்த தூசி மூக்குக்குள் போய் உட்கார்ந்துகொண்டது. சாயங்காலம் வீட்டில் முகம் கழுவும்போதுதான் அது வெளியே வரும்.

அள்ளுவது, நிறுப்பது, பையின் வாயைச் சூட்டுப்பட்டையில் வைத்து அழுத்தி ஒட்டுவது, தராசு துப்புகிற விலைச்சீட்டைக் கிழித்துப் பை மேல் பதிப்பது. இதுதான் வேலை. சொன்னால் ஒரு மூச்சில் முடிந்துவிடும், செய்தால் முடியாது. சூட்டுப்பட்டை தினமும் யாராவது ஒருத்தியின் விரலை முத்தம் கொஞ்சாமல் விடாது. அன்றைக்கு நர்கீஸின் முறை. இருபது வயதுகூட ஆகாத அந்தப் பெண் விரலை வாயில் வைத்துச் சூப்பிக்கொண்டே அடுத்த பையை எடுத்தாள். அரிசி மூட்டையை முதுகில் ஏற்றிவந்து போட்ட வீரன், நிமிர்வதற்கு இடுப்பில் கைகொடுத்துக்கொண்டு செத்த நேரம் அப்படியே நின்றான்.

அப்போதுதான் சூப்பர்வைசர் அந்தோணிராஜ் வந்தார். வந்தவர் யார் முகத்தையும் பார்க்காமல், ரேட் மாறியிருக்கிறது, நேற்று ஒட்டி அலமாரியில் அடுக்கியதையும் எடுத்துவந்து சீட்டை உரித்துவிட்டுப் புதுசு ஒட்டுங்கள் என்று தரையிடம் சொல்லிவிட்டுப் போனார்.

உரித்தார்கள். நேற்று அவர்களே ஒட்டிய சீட்டை அவர்களே நகத்தால் சுரண்டி எடுத்தார்கள். அதே பருப்பு, அதே பை, அதே நிறை. ராத்திரி அலமாரியில் சும்மா படுத்துத் தூங்கி எழுந்ததற்குப் பருப்புக்கு இருபது ரூபாய் ஏறியிருந்தது. தூங்காமல் எழுந்து டவுன் பஸ்ஸில் தொங்கிக்கொண்டு வந்த செபாஸ்தியம்மாளுக்குச் சம்பளம் ஏறி இரண்டு வருஷமாகிறது. இந்த அநியாயத்தைக் கணக்குப் போட்டுக் காட்ட யாரும் தேவையில்லை. நகக்கண்ணே சொல்லும்.

செபாஸ்தியம்மாள் முத்தழகுபட்டிக்காரி. கல்யாணத்துக்கு முன்னாலிருந்தே நூற்பாலையில் வேலை பார்த்தவள். ஆலையை மூடியபோது அவளுக்கு வேலை போயிற்று, அவள் புருஷனுக்கு நுரையீரல் போயிற்று. பஞ்சுத்தூசி தின்ற நெஞ்சோடு அவர் வீட்டில் உட்கார்ந்து இருமிக்கொண்டிருக்கிறார். வீட்டில் உலை கொதிப்பது இந்த மஞ்சள் கோட்டை நம்பித்தான். அதிலும் பருப்பு நாளெல்லாம் அவள் கையில்தான் புழங்குகிறது, வீட்டுச் சட்டியில் விழுந்து மாசக்கணக்காகிறது. புளியைக் கரைத்து ஒரு வெஞ்சனத்தை ஒப்பேற்றிவிடுவாள்.

போன மாசம் மத்தியானச் சாப்பாட்டின்போது அவள்தான் பேச்செடுத்தாள். ஆலையில் பஞ்சப்படி என்று ஒன்று உண்டு, விலைவாசி ஏற ஏறச் சம்பளத்தோடு அதுவும் ஏறும், சங்கம் வைத்துச் சண்டை பிடித்து வாங்கியது என்றாள். நர்கீஸுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "பஞ்சத்துல ஏதுக்கா படி? ஒழக்குல அளந்து ஊத்துவாங்களாக்கும்" என்று கேட்டாள். எல்லோரும் சிரித்தார்கள். சிரித்து முடித்தபின் ஒருத்தரும் அதை மறக்கவில்லை. நாமும் கேட்டால் என்ன என்று பில் போடும் ஹுஸ்னாதான் கேட்டாள். எல்லோருமாக அந்தோணிராஜைப் பிடித்து, மாடிக்குப் போய் முதலாளியிடம் சொல்லச் சொன்னார்கள்.

முதலாளி பரமகுருவின் காதில் முழுசும் விழாமலா இருந்திருக்கும்? விழுந்திருக்கும். அவர் பிடித்துக்கொண்டது கடைசி இரண்டெழுத்தை மட்டும். மறுநாள் எல்லோரையும் பில் கவுண்டர் முன்னால் கூப்பிட்டு நிறுத்தி, படி கேட்டீர்களாமே, இந்தாருங்கள் என்று ஆளுக்கு ஒரு கட்டு தள்ளுபடிக் கூப்பன் கொடுத்தார். வழவழப்பான தாள், பொன்னிற எழுத்து.

"வெளி ஆளுகளுக்கு எப்புடியோ அப்புடித்தான் நீங்களும். இன்னைலருந்து நீங்களும் எனக்குக் கஸ்டமருதான்" என்றார். கைதட்டச் சொல்லி அந்தோணிராஜ் கண்ஜாடை காட்டினார். தட்டினார்கள். பஞ்சப்படி கேட்டவர்களுக்குத் தள்ளுபடி கிடைத்த கதை இதுதான்.

கூப்பனுக்குப் பின்பக்கம் எறும்பு ஊர்ந்த மாதிரி நாலு வரி இருந்ததை அன்றைக்கு யாரும் பார்க்கவில்லை. சம்பள நாளில் செபாஸ்தியம்மாள் கோட்டைக் கழற்றி வைத்துவிட்டு, கூடை எடுத்து, தன் கையால் கட்டிய பருப்பு ஒரு பை, எண்ணெய் ஒரு பாக்கெட், அரிசி என்று எடுத்துக்கொண்டு ஹுஸ்னாவிடம் வந்தாள். கூப்பனை நீட்டினாள். கொஞ்ச நாளாகச் சுணங்கியிருந்த அவள் முகத்தில் அன்றைக்கு ஒரு தெளிச்சி.

"அக்கா, இதுக்குச் செல்லாதுக்கா" என்று மெதுவாகச் சொன்னாள். அரிசி, பருப்பு, எண்ணெய், சீனிக்குக் கிடையாதாம். ஷாம்பு, பினாயில், பிளாஸ்டிக் வாளிக்குத்தானாம். அதுவும் ஆயிரம் ரூபாய்க்கு மேலே வாங்கினால்தான்.

"வாளியவா தாயி கரைச்சுக் குடிக்கிறது" என்றாள் செபாஸ்தியம்மாள். பருப்பையும் எண்ணெயையும் கொண்டுபோய் அலமாரியில் திருப்பி வைத்ததும் அவள்தான். கடை ஆளாயிற்றே, எது எங்கே இருக்க வேண்டுமென்று அவளுக்குத்தானே தெரியும்.

புதுச்சீட்டு ஒட்டிய அன்று மத்தியானத்துக்குள்ளேயே வினை வந்து சேர்ந்தது. தீபாவளி நெருங்கிவிட்டதால் கடையில் எள் போட்டால் எள் விழாத கூட்டம். நாகல்நகரிலிருந்து வந்த ஓர் அம்மாள், கூடை நிறையப் பருப்பும் பயறும் வைத்துக்கொண்டு, வெளி ஆட்களுக்குக் கொடுத்த கூப்பனையும் கையில் வைத்துக்கொண்டு, இதில் எனக்கு எவ்வளவும்மா மிச்சம் என்று ஹுஸ்னாவிடம் ஆசையாகக் கேட்டார். ஹுஸ்னா பேகம்பூர்க்காரி. மனசில் ஒன்றை வைத்து வாயில் ஒன்றைப் பேசத் தெரியாது. இதுக்கெல்லாம் கூப்பன் செல்லாதும்மா, நேற்றுவரை விலையாவது கம்மி, இன்றைக்குக் காலையில் அதையும் ஏற்றிவிட்டார்கள் என்று உள்ளதைச் சொல்லிவிட்டாள். அந்த அம்மாள் கூடையை அப்படியே தரையில் வைத்துவிட்டு வெளியே போனார். பின்னாலேயே நின்றிருந்தார் பரமகுரு.

அவர் சத்தம் போடவில்லை. கோட்டைக் கழற்றி வைத்துவிட்டுப் போம்மா, நாளையிலிருந்து வரவேண்டாம் என்று நல்ல விதமாகவே சொன்னார். அத்தனை பேர் பார்க்க ஹுஸ்னா கோட்டைக் கழற்றி, நாலாக மடித்து, நாற்காலியில் வைத்தாள். அழவில்லை. பின்கதவு வழியாகப் போகும்போது செபாஸ்தியம்மாளைப் பார்த்தாள். அந்தப் பார்வையில் குற்றச்சாட்டு எதுவுமில்லை. அதனாலேயே செபாஸ்தியம்மாளுக்குத் தாங்க முடியவில்லை. படி என்ற பேச்சை எடுத்தவள் அவள், வேலை போனதோ அந்தப் பிள்ளைக்கு.

குடோனில் மூட்டைகளுக்கு நடுவே தூக்குச்சட்டிகளைத் திறந்தார்கள். எல்லோருமாக நாளைக்கு வெளியே போய் நிற்போம் என்றான் வீரன். வெளியே போனால் சாயங்காலத்துக்குள் ஏஜென்சியில் சொல்லி வேறு ஆள் இறக்கிவிடுவார்கள், போன வருஷம் லோடு ஆட்களுக்கு அதுதானே நடந்தது என்றாள் நர்கீஸ். அதுவும் உண்மைதான்.

செபாஸ்தியம்மாளுக்கு வீட்டில் இருமும் மனுஷன் ஞாபகத்துக்கு வந்தார். இந்த வேலையும் போனால் மாத்திரைக்கு யார் முகத்தில் விழிப்பது என்று பயம் பிடித்தது. பயத்தோடேதான் பேசினாள்.

"வெளிய போனாத்தானப்பு ஆள் மாத்துவாரு. உள்ளயே நிப்போம். நீங்களும் கஸ்டமருதான்னு அவரு வாயாலதான சொன்னாரு. கஸ்டமரா நிப்போம்."

வீரன் அவளை ஏறிட்டுப் பார்த்தான். அவனுக்குப் புரிய ஒரு கவளம் நேரமாயிற்று. புரிந்ததும் சட்டியை மூடிவிட்டுச் சிரித்தான்.

மறுநாள் ஞாயிற்றுக்கிழமை. தீபாவளிக்கு முந்தின ஞாயிறு என்றால் திண்டுக்கல்லில் பாதி ஜனம் கடைவீதியில்தான் இருக்கும். பின்கதவுக்காரர்கள் வழக்கம்போல விடியுமுன் வந்து, அள்ளி, நிறுத்து, ஒட்டி, அலமாரியை நிரப்பினார்கள். ஒரு பை குறையவில்லை. மலைக்கோட்டை மேல் வெயில் நன்றாக ஏறி, கடைக்குள் கூட்டம் முழங்கை இடிக்கத் தொடங்கிய நேரத்தில் செபாஸ்தியம்மாள் மஞ்சள் கோட்டைக் கழற்றினாள். தள்ளுவண்டிக் கைப்பிடியில் அதைப் போட்டுவிட்டு ஒரு கூடையை எடுத்தாள். நர்கீஸ் கழற்றினாள். மாடியில் பாத்திரப் பிரிவுப் பெண்கள் கழற்றிவிட்டு இறங்கிவந்தார்கள். பில் போடும் பெண்கள் கையிலிருந்த பில்லை முடித்துக் கொடுத்துவிட்டு எழுந்தார்கள். சொல்லிவைத்தபடி முன்கதவு வழியாக, பொம்மையின் கும்பிடை வாங்கிக்கொண்டு, ஹுஸ்னா வந்து சேர்ந்தாள்.

அரிசி, பருப்பு, எண்ணெய், சீனி. வேறெதையும் யாரும் எடுக்கவில்லை. ஹுஸ்னா உட்கார்ந்து பில் போட்ட முதல் கவுண்டருக்கு முன்னால் வரிசை கட்டி நின்றார்கள். செபாஸ்தியம்மாளுக்குத் தன் ஊர்த் திருவிழாவில் எல்லோருக்கும் பொதுவாக ஆக்கிப் போடும் அசனச் சோற்றுக்கு நிற்கும் வரிசை நினைவுக்கு வந்தது. அங்கே யாரும் யாரிடமும் சீட்டுக் கேட்பதில்லை.

பின்னால் நின்ற வாடிக்கையாளர்கள் முணுமுணுத்தார்கள். என்னம்மா, ஆளே இல்லாத கவுண்டரில் நிற்கிறீர்கள் என்று ஒருவர் கடிந்துகொண்டார். நர்கீஸ் அவரிடம் கூப்பனைத் திருப்பிக் காட்டி, எறும்பு வரிகளைப் படிக்கச் சொன்னாள். அவர் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிப் படித்தார். அடுத்தவரிடம் கொடுத்தார்.

பரமகுரு மாடிப்படியில் இறங்கி வந்தார். வரிசையைப் பார்த்தார். கைப்பிடிகளில் தொங்கிய மஞ்சள் கோட்டுகளைப் பார்த்தார்.

"வேல நேரத்துல என்னம்மா இது?"

"சாமான் வாங்க வந்துருக்கோம் மொதலாளி. எங்க வீட்லயும் அடுப்பெரியணும்ல" என்றாள் செபாஸ்தியம்மாள். குரல் நடுங்கியது. காலை மட்டும் நகர்த்தவில்லை.

"போலீஸக் கூப்பிட வச்சிராதீங்க."

"வரிசையில நிக்கிற கஸ்டமரப் பிடிச்சுட்டுப் போகச் சொல்லியா போன் போடுவீங்க?"

வரிசையின் பின்பகுதியில் யாரோ சிரித்தார்கள். பரமகுருவின் காது சிவந்தது. அந்தோணிராஜைப் பார்த்து, நீ உட்கார்ந்து பில் போட்டு இவர்களை அனுப்பு என்றார். இத்தனை வருஷமாக ஆமாம் சார் என்ற இரண்டு வார்த்தையிலேயே காலம் தள்ளிய மனிதர் அவர். நின்ற இடத்தில் நின்று, கழுத்தில் தொங்கிய அட்டையைத் தடவிக்கொண்டு, "எனக்குப் பில்லிங் தெரியாது சார்" என்றார். அங்கே பில் போடும் ஒவ்வொரு பெண்ணுக்கும் அந்த வேலையைக் கற்றுக்கொடுத்தவரே அவர்தான். வந்த சிரிப்பை மறைக்க ஹுஸ்னா தலையைக் குனிந்துகொண்டாள்.

கூட்டம் வாசல்வரை நெருக்கியது. வேறு வழியில்லாமல் முதலாளியே நாற்காலியில் உட்கார்ந்தார். ஹுஸ்னா மடித்து வைத்த கோட்டு இன்னும் அதில்தான் கிடந்தது, அதன் மேலேயே உட்கார்ந்தார். பருப்புப் பையை இப்படியும் அப்படியும் திருப்பி மெஷினில் காட்டினார். அது நாலாவது தடவையில்தான் கீச்சிட்டது. எண்ணெய், அரிசி, சீனி. தொகை வந்தது. செபாஸ்தியம்மாள் கூப்பனை நீட்டினாள். அவர் அதை வாங்கி மெஷினில் காட்டினார். மெஷினுக்கு முதலாளி தொழிலாளி வித்தியாசம் தெரியாது. சிவப்பு விளக்கு காட்டியது. அவர் கூப்பனை மேசை மேல் வைத்து, அவள் முகத்தைப் பார்க்காமல் முனகினார்.

"என்ன மொதலாளி, காதுல விழுகலயே."

"இதுக்குச் செல்லாதும்மா."

கடைசி ஆள்வரை அது கேட்டது.

"உள்ளதச் சொன்ன ஹுஸ்னாவுக்கு வேல இல்லைன்னீங்க. இப்ப நீங்களும் உள்ளதச் சொல்லிட்டீங்களே மொதலாளி" என்றாள் செபாஸ்தியம்மாள். இப்போது குரலில் நடுக்கமில்லை. "அவளுக்கு வேலையத் திருப்பிக் குடுங்க. எங்களுக்குத் தள்ளுபடி வேண்டாம், பஞ்சப்படி குடுங்க. வெல ஏறுனா கூலியும் ஏறணும். அம்புட்டுத்தான்."

அவள் கூடையிலிருந்த மற்றக் கூப்பன்களையும் எடுத்து மேசை மேல் போட்டாள். நர்கீஸ் எட்டித் தன் கட்டை அதன் மேல் வைத்தாள். வீரன் இடுப்பிலிருந்து எடுத்தான், அவனுடையது வேர்வையில் ஒட்டிக்கொண்டு கிடந்தது. ஒன்றன் மேல் ஒன்றாக விழுந்து, வழவழப்பான தாளாயிற்றா, சரிந்து முதலாளியின் மடியில் கொட்டியது. கண்ணாடியை நெற்றியில் ஏற்றியிருந்தவர், வெளி ஆள்தான், தன்னுடையதையும் கொண்டுவந்து வைத்துவிட்டுப் பழைய இடத்துக்கே போய் நின்றார்.

பண்டிகை முடியட்டும், பிறகு பேசிக்கொள்ளலாம் என்றார் பரமகுரு. அந்தப் பிறகு எப்படிப்பட்டது என்று எல்லோருக்கும் தெரியும். பண்டிகை முடிந்ததும் ஒவ்வொருவராகக் கூப்பிட்டுக் கணக்குத் தீர்த்தாலும் தீர்ப்பார். வேறு ஆளுக்கு இந்நேரம் போன் போயிருந்தாலும் போயிருக்கும். செபாஸ்தியம்மாளுக்கும் அது தெரியாமலில்லை.

"எங்களுக்கு ஒண்ணும் அவசரமில்ல மொதலாளி. நீங்க யோசிச்சுச் சொல்லுங்க, நிக்கிறோம்" என்றாள்.

தன் கூடையை மேசை மேல் அப்படியே விட்டுவிட்டு, ஓரமாக ஓர் அடி நகர்ந்து இடம் கொடுத்தாள். வரிசையில் அடுத்து நின்ற ஹுஸ்னா முன்னால் வந்தாள். ஒரு பை பருப்பை எடுத்து முதலாளியின் முன்னால் வைத்தாள்.

"பில் போடுங்க மொதலாளி" என்றாள்.