சத்தியம் பண்ணாதவள்

தங்கமுத்து ஞானஸ்நானம் எடுக்க இருந்த காலையில், அவளுடைய அண்ணன் கனகலிங்கம் துடுப்போடு வல்வெட்டித்துறைக் கடற்கரைக்கு வந்தான்.

எல்லாவற்றுக்கும் மூலம் அவள் கணவன் சோமசேகரம். பாய்க்கப்பலில் காக்கிநாடாவுக்குப் போன இடத்தில் காய்ச்சலில் விழுந்து, மெனோனைற் என்ற கிறிஸ்தவ சபைக்காரர் வீட்டில் மாதக்கணக்காகக் கிடந்து பிழைத்து வந்தவன். நானூறு வருடங்களுக்கு முன் ஐரோப்பாவில், ஞானஸ்நானம் கைக்குழந்தைக்கு இல்லை, புத்தி தெரிந்தவர் தாமே கேட்டு எடுப்பது என்று சொன்னதற்காக ஆற்றில் அமிழ்த்திக் கொல்லப்பட்டவர்களின் வழிவந்த சபை அது. அவர்கள் ஆயுதம் தொடமாட்டார்கள். அடித்தவனைத் திருப்பி அடிக்கமாட்டார்கள். யார் கேட்டாலும் சத்தியம் பண்ணமாட்டார்கள். ஊரில் நான்கு குடும்பங்கள் சோமசேகரத்தோடு சேர்ந்திருந்தன.

"அம்மன் தந்த என்ரை தங்கச்சியைக் கடலிலை முக்கிப் பறைச்சியோ பறங்கிச்சியோ ஆக்கப் பாக்கிறியோ?" கனகலிங்கம் கத்தினான்.

சோமசேகரம் அவள் முன்னால் வந்து நின்றான். "மச்சான், அவள் தானாக் கேட்டவள்."

துடுப்பு அவன் நெற்றியில் இறங்கியது. கையை உயர்த்தாமலே விழுந்தான். தங்கமுத்துவின் கை தானாகவே ஒரு கல்லை எடுத்துவிட்டது.

"வேண்டாம், தங்கம்," என்றான் அவன், இரத்தம் வழிந்த கண்ணோடு.

கல்லை விட்டாள்.

சத்தம் கேட்டுச் சனம் கூடியது; ஊர்த்தலைவரான விதானையார் இளையதம்பியும் வந்தார். கனகலிங்கத்தின் கூட்டாளி. "கல்லிலை வழுக்கி விழுந்தவர், அப்பிடித்தானே? அம்மன் மேலை சத்தியம் பண்ணிச் சொல்லு பிள்ளை, நான் போறன்."

'ஓம்' என்று தலையாட்டினால் போதும், அண்ணன் தப்பிவிடுவான். அண்ணனின் முகம் வெளிறிப்போயிருந்தது. சின்ன வயதில் அவளைத் தோளில் ஏற்றித் தேர் காட்டியவன்.

"சத்தியம் பண்ணமாட்டன். பொய்யும் சொல்லமாட்டன்," என்றாள். "அடிச்சது என்ரை அண்ணைதான். நாங்கள் முறைப்பாடு வைக்கேல்லை. அவரை விடுங்கோ."

"இவ்வளவு சனத்துக்கு முன்னாலை சொல்லிப்போட்டாய். இனி எப்பிடி விடுறது?"

விதானையார் கனகலிங்கத்தைப் பொலிசுக்குக் கூட்டிக்கொண்டு போனார். அன்று பின்னேரம் தங்கமுத்து தாய் வீட்டுக்கு ஓடினாள். பூட்டிய வாசற் படலைக்கு உள்ளேயிருந்து தாயின் குரல் மட்டும் வந்தது. "அண்ணனைக் காட்டிக் குடுத்தவள் என்ரை படலையைத் தொடவேண்டாம்."

நீதிமன்றத்தில் சோமசேகரம், "நடந்தது உண்மை, நான் மன்னிச்சிட்டன்" என்பதற்கு மேல் வாய் திறக்கவில்லை. நீதவான் கனகலிங்கத்தை எச்சரித்து விடுதலை செய்தார்.

அடுத்த ஞாயிறு தங்கமுத்து ஞானஸ்நானத்துக்காகக் கடலில் இறங்கினாள். தூரத்தில் அண்ணன் நிற்பதைக் கண்டாள். முழுகி எழுந்தபோது அவன் அங்கே இல்லை.

தாய் வீட்டுப் படலை திறக்க மூன்று வருடமானது. திறந்தவன் கனகலிங்கம். "உள்ளுக்கு வா," என்றான்.