ஆடினால்தான் தெரியும் கணவர்

1

இந்தக் கதை எனக்கு ஒரு மூடிய கதவுக்கு வெளியே கிடைத்தது. கடல் கடந்த பாரன்கியா நகரில், கண்ணாலும் மூளையாலும் வரும் பார்வைக் கோளாறுகளை ஆராயும் கூடம் ஒன்றில் என் தோழி டாக்டர் மாரிபெல் வேலை செய்கிறார். அவரை மதியச் சாப்பாட்டுக்கு அழைத்துப்போக வந்தவன், இருட்டறைக்குள் ஒரு பெண் விழுந்து விழுந்து சிரிப்பதைக் கேட்டு அங்கேயே உட்கார்ந்துவிட்டேன். பார்வை போனவர்களைச் சோதிக்கும் அறையில் அப்படி என்ன சிரிப்பு?

சிரித்தவர் நெரெய்தா. பிறகு தன் கதையை அவரே சொன்னார், எழுதவும் விட்டார்.

"ஒரே ஒரு பேச்சு. படிக்கிறவங்க 'ஐயோ பாவம்'னு சொல்லக் கூடாது. அப்புறம், என்னை ஒல்லியா எழுதிடாத."

அது இரண்டு பேச்சு. எண்ணிக்கையில் அவர் கறார் இல்லை.

2

முதல் வரியைப் பல தடவை எழுதி அடித்தேன்.

அன்று காலை நெரெய்தா கண்விழித்தபோது உலகமே இருண்டு—

(பொய். நான் படித்துக் காட்டியதும் நிறுத்தினார். "இருட்டுன்னா கறுப்பாவாவது இருக்குமே. உன் முதுகுக்குப் பின்னால இப்ப உனக்கு என்ன தெரியுது? அதேதான் எனக்கு மூஞ்சிக்கு முன்னால தெரிஞ்சுது.")

விதியின் கொடிய கரம் அந்த அழகுநிலையத்தின் கதவை—

(இதற்கு அடியே விழும்.)

நேராகச் சொல்லிவிடுகிறேன். நெரெய்தா பியூட்டி பார்லர் நடத்தியவர். அவருடைய பின்மூளையில் ஒரு ரத்தக்குழாய் அடைத்துக்கொண்டது. கண்ணில் குறையே இல்லை. கண் காட்டுவதை வாங்கிப் புரிந்துகொள்ளும் இடம் பழுதாகிவிட்டது. மேசையில் மோதினார், கதவில் மோதினார், பார்லரை மூடினார். கணவர் வில்ஃபிரிடோ கடிகாரம் பழுது பார்ப்பவர், பேச்சே குறைவு. மனைவி பக்கத்தில் ஒரு நாற்காலி போட்டு, அவர் திடுக்கிடக் கூடாதே என்று ஆடாமல் அசையாமல் உட்கார்ந்திருப்பார்.

அப்போதுதான் அந்த ஈ வந்தது.

3

நாத்தனார் ஒசிரிஸ் துண்டால் ஈயை விரட்டிக்கொண்டிருந்தார்.

"அங்க இல்ல ஒசிரிஸ், விளக்குப் பக்கம் போயிடுச்சு" என்றார் நெரெய்தா.

ஒசிரிஸின் கை அந்தரத்தில் நின்றது.

"சமையல்கட்டுல இருக்கற அடுப்பு தெரியல. பறக்கற ஈ தெரியுதா?"

"தெரியலடி. ஆனா அங்கதான் போச்சு."

"யாருகிட்ட கதை விடுற? எங்கண்ணன் உனக்கு ஊட்டி விடணும், அதுக்குத்தானே இவ்வளவும்?"

(முதல் பிரதியில் ஒசிரிஸை வில்லியாக்கியிருந்தேன். கதைக்கு வசதி. ஆனால் நடந்தது வேறு. அண்ணி பொய் சொல்கிறாள் என்று நிரூபிக்க, பஸ் பிடித்து, வழியெல்லாம் அவர் கையை இறுகப் பிடித்து, ஆய்வுக்கூடத்துக்குக் கூட்டிவந்ததே ஒசிரிஸ்தான். வில்லிகள் இவ்வளவு சிரமம் எடுத்துக்கொள்வதில்லை.)

நெரெய்தாவும் மறுக்காமல் வந்தார். தெருவே பேசத் தொடங்கியிருந்தது. அதைவிட, தன்மேலேயே அவருக்குச் சந்தேகம். தெரியாததைத் தெரிகிறது என்கிறோமா, தெரிவதை மறைக்கிறோமா, இல்லை புத்திதான் பிசகிவிட்டதா? வீட்டில் எல்லோரும் தூங்கியபின் இதை நினைத்து அழுதிருக்கிறார். (இந்த வரியை எடுத்துவிடச் சொன்னார். எடுக்கவில்லை.)

4

இருட்டறைத் திரையில் மாரிபெல் புள்ளிகளைக் காட்டினார்.

"என்ன தெரியுது?"

"ஒண்ணுமில்ல."

"இப்போ?"

"ஒண்ணுமில்ல... இருங்க. வலது பக்கம் ஓடுது. இப்போ மேல. என்னன்னு தெரியல டாக்டர், ஏதோ ஓடுது."

நின்ற புள்ளி ஒன்றுகூடத் தெரியவில்லை. ஓடிய புள்ளியில் ஒன்றுகூடத் தப்பவில்லை. மாரிபெல் விளக்கைப் போட்டார்.

"நீங்க பொய் சொல்லல. பைத்தியமும் இல்ல. மூளைக்குள்ள உருவத்துக்கு ஒரு பாதை, அசைவுக்கு ஒரு பாதைன்னு வெச்சுக்கங்க. உங்களுக்கு ஒண்ணு அடைஞ்சுபோச்சு, இன்னொண்ணு திறந்திருக்கு."

(அடைபட்ட வாசலை அசைவு எந்தச் சந்து வழியாகச் சுற்றிப் போகிறது என்பதில் ஆய்வாளர்களிடையே இன்னும் சண்டை உண்டு. மாரிபெல்லிடம் கேட்டால் உங்கள் சாப்பாடு ஆறிவிடும். எனக்கு ஆறியது.)

ஒசிரிஸ் எழுந்து கிட்டே வந்தார். பிறகு கைப்பையை அண்ணியின் முகத்துக்கு முன்னால் மெல்ல ஆட்டினார்.

"இது தெரியுதா?"

"தெரியுது."

"இது?" இடுப்பும் சேர்ந்து ஆடியது.

"அய்யோ, அது நல்லாவே தெரியுது."

நான் கேட்டது அந்தச் சிரிப்பைத்தான். சிரிப்பு அழுகையாக மாறியபோது ஒசிரிஸ் அண்ணியின் தலையைத் தன் தோளில் சாய்த்துக்கொண்டார். அதைக் கதவுக்கு வெளியே இருந்த நான் பார்க்கவில்லை. மாரிபெல் சொன்னார்.

5

வீட்டில் எல்லோரும் அசைந்தபடி பேசக் கற்றார்கள். காப்பிக் கோப்பையை ஆட்டிக் காட்டிவிட்டு வைத்தார்கள். நெரெய்தா ஆடுநாற்காலியில் முன்னும் பின்னும் ஆடினால் அறையே மெல்ல எழுந்துவந்தது, நிறுத்தினால் போய்விட்டது.

அப்போதுதான் அவருக்கு உறைத்தது.

"வில்ஃபிரிடோ, எல்லாரும் நிழலாவாவது வந்து போனாங்க. உன்னை மட்டும் இத்தனை மாசமா நான் பாக்கவே இல்ல."

ஓயாமல் பக்கத்திலேயே இருந்த மனிதர். அன்பினால் அசையாமல் இருந்து காணாமல் போயிருந்தார்.

அவர் எழுந்தார். ஆட்டம் தெரியாத ஆண்பிள்ளை பாரன்கியாவில் அபூர்வம். இவர் அந்த அபூர்வம். கல்யாணத்தில்கூட ஆடாதவர் பக்கத்து வீட்டு ரேடியோவுக்கு ஆடினார், முட்டி ஒரு பக்கம், முழங்கை ஒரு பக்கம்.

நெரெய்தா வெகுநேரம் பார்த்தார்.

"நீ இவ்வளவு கேவலமா ஆடுவேன்னு முன்னாடியே தெரிஞ்சிருந்தா..."

"தெரிஞ்சிருந்தா?"

"நிறுத்தாத. நிறுத்தினா காணாம போயிடுவ."

6

இங்கே முடித்திருக்கலாம். ஆனால் மாரிபெல் தந்த பயிற்சி மாதக்கணக்கில் தொடர்ந்தது. போன வாரம் நெரெய்தா என்னை ஓரமாகக் கூப்பிட்டார்.

"மேசையில கோப்பை இருந்துச்சு. யாரும் ஆட்டல. மங்கலாத்தான், ஆனா தெரிஞ்சுது. டாக்டர்கிட்ட சொல்லிட்டேன். சந்தோஷத்துல குதிக்குது அந்தப் பொண்ணு."

"வில்ஃபிரிடோகிட்ட?"

"சொல்லல. சொன்னா மறுபடி உக்காந்துடுவான்."

"அப்போ, நீங்க நடிக்கிறீங்கன்னு ஒசிரிஸ் சொன்னது இப்போ உண்மையாயிடுச்சே."

"ஆமா" என்றார், கொஞ்சமும் வெட்கமில்லாமல். "நீ உன் பாஷையில எழுது. இங்க யாரு படிக்கப்போறா?"

முடிவுகள் எழுதிப் பார்த்தேன். உண்மை தெரிந்து வில்ஃபிரிடோ உட்கார்ந்து— வேண்டாம். நெரெய்தாவே ஒருநாள் மனம் திறந்து— அவர் திறக்கமாட்டார்.

ஞாயிற்றுக்கிழமை போயிருந்தேன். வில்ஃபிரிடோ முட்டை பொரித்தபடி ஆடிக்கொண்டிருந்தார். நெரெய்தாவின் பார்வை அசையாத உப்புக்கிண்ணத்தின் மேல் ஒரு கணம் தங்கியது. அதை வில்ஃபிரிடோ கவனித்தார் என்றே நினைக்கிறேன். ஆட்டம் நிற்கவில்லை.

தெரிந்து ஆடுகிறாரா, தெரியாமல் ஆடுகிறாரா? உங்கள் விருப்பம்போல் வைத்துக்கொள்ளுங்கள். நான் பார்த்ததை மட்டும் சொல்கிறேன்: இப்போதெல்லாம் அவருக்குக் கொஞ்சம் ஆட வருகிறது.