வெண்டலின் கிட்டாரும் ஒரு முழம் உயரமும்

வெண்டல் ஹாஸ்கின்ஸ் கிட்டார் வாசிக்கும்போது தரையிலிருந்து ஒரு முழம் மேலே இருப்பார். மான்மவுத் ஜங்ஷன் என்ற அந்த ஊரில் இதை யாரும் பெரிதாகப் பேசிக்கொண்டதில்லை. அவர் புல் வெட்டாததைப் பற்றித்தான் பேச்சு. குடியிருப்போர் சங்கம் கேட்டால், தான் அதை மிதிப்பதே இல்லையே என்பார். இளமையில் ஊர் ஊராக நாட்டுப்பாடல் பாடித் திரிந்தவர். அண்ணாந்து பார்த்தே கழுத்து வலி கண்டு மூன்று மனைவிகளும் போய்விட்டதாகக் கேள்வி. கடந்துபோகும் ரயிலின் ஹாரனுக்குத்தான் சுருதி சேர்ப்பார். ரயில் தாமதமானால் பாட்டும் தாமதம்.

நம்மவர்கள் குடிவந்த பிறகே அந்த ஒரு முழத்துக்கு மரியாதை வந்தது. மிதக்கத் தெரிந்த பிள்ளையை எந்த யுனிவர்சிட்டி வேண்டாமென்னும்? சனிக்கிழமை பேட்ச், ஞாயிற்றுக்கிழமை பேட்ச் என்று வெண்டலின் கராஜ் நிறைந்தது. தமிழ்ச் சங்கம் பொங்கல் விழாவில் அவருக்குப் பொன்னாடை போர்த்தியது. தலைவர் உரை முடிவதற்குள், கிட்டாரை மீட்டிக்கொண்டே கேட்ட மனிதர் பாதி உயரத்துக்கு இறங்கிவிட்டார்.

தனபாக்கியம் தன் மகன் மகிழனை ஒரு சனிக்கிழமை விடாமல் கூட்டிப்போனாள். கராஜ் வாசலில் மினிவேனை நிறுத்தி, மடியில் வெந்தயக்கீரை ஆய்ந்தபடி காத்திருப்பாள். அதே பேட்சில் யாமினி வீட்டுப் பெண்ணுக்குக் குதிகால் எழும்பிவிட்டதாம். அவளுடைய ஹீல்ஸ் வைத்த ஷூவைப் பார்த்தவர்கள் நம்பவில்லை. மகிழன் மட்டும் சிமெண்ட் பூசிய மாதிரி நின்றான். அப்ளிகேஷன் கடைசித் தேதி நெருங்க நெருங்க, நல்ல காலேஜ் கிடைக்காவிட்டால் எந்த முகத்தோடு நம்மவர்கள் கூடும் ஐசலின் கடைத்தெருவுக்குப் போவதென்று அவளுக்குச் சோறு இறங்கவில்லை.

அக்டோபரில் வாசித்துக்கொண்டே வெண்டல் கராஜுக்கு வெளியே மிதந்து வந்தார், மேப்பிள் மரத்தின் உச்சியைத் தாண்டினார், திரும்பவில்லை. கிட்டாரை மட்டும் மேலிருந்து மெல்ல விட்டார். பிள்ளைகள் கைநீட்டி நின்றார்கள். அது மினிவேன் ஜன்னல் வழியே தனபாக்கியத்தின் மடியில், கீரைமேல் வந்து அமர்ந்தது. ஒதுக்கத்தான் அதில் கை வைத்தாள். விரல் தந்தியில் பட, தலை வேன் கூரையில் இடித்தது. இத்தனை நாளும் அந்த வாசிப்பைக் காதில் வாங்கியவள் அவள் ஒருத்திதான்.

கணவர் நஞ்சுண்டன் அன்றே யோசனை சொன்னார்: கிட்டார் பையன் கையில் இருக்கட்டும், அவள் பின்னால் மறைந்து தந்தியைத் தொட்டபடி அவனைத் தூக்கிப் பிடிக்கட்டும், அவனே மிதக்கிற மாதிரி அப்ளிகேஷனுக்குப் போட்டோ எடுத்துவிடலாம்.

"மாம், ப்ளீஸ், ஜஸ்ட் ஒன்ஸ்" என்றான் மகிழன்.

தனபாக்கியம் குனிந்து பார்த்தாள். "உனக்காக டிரைவ் பண்ணுனேன் கண்ணு, வெயிட் பண்ணுனேன். இது என்னுது. தரமாட்டேன்."

மகிழன் தரையில் நிற்பவனாகவே அப்ளை பண்ணி, பக்கத்துக் காலேஜில் சேர்ந்தான். வானம் ஒன்றும் இடிந்துவிடவில்லை. நஞ்சுண்டன் மளிகை டப்பாக்களை மேல் தட்டுக்கு மாற்றிக் கொடுத்தார். அந்த வீட்டில் இப்போது ரயில் ஹாரன் கேட்டபிறகுதான் தாளிப்பு. புல்தான் முழங்கால் உயரம் வளர்ந்து கிடக்கிறது. கேட்டால், அவள் அதை மிதிப்பதில்லையாம்.