பதினோரு மணி ரவுண்ட்ஸ்

வீட்டுக்கு உதவி ஆள் தேவையா என்று பார்க்கப் பதினோரு மணிக்கு அதிகாரி வருகிறார். மணி இப்போதே பத்தேகால். அட்டெண்டர் அம்மா கூடத்தின் நடுவில் நின்றுகொண்டு, தலையில் அடித்துக்கொள்ளாத குறையாக விழித்தாள். வீடு பளிச்சென்று இருந்தது. வந்த வினையே அதுதான்.

மகள் நேற்று போனில் கரடியாய்க் கத்தியிருந்தாள். "அம்மா, எதையும் எடுத்து ஒளிச்சு வைக்காத. கமோடு நாற்காலி, ரப்பர் ஷீட்டு எல்லாம் இருக்கிற இடத்துலயே இருக்கட்டும். அப்பாவுக்கு ஷேவ் பண்ணி விடாத. தினமும் எப்படி இருக்கோ அப்படியே பார்க்கட்டும்."

சரி சரி என்று நூறு முறை சொன்னாள். காலை ஐந்து மணிக்கு எழுந்ததும் கை அதன்பாட்டுக்கு வேலையைத் தொடங்கிவிட்டது. ஆஸ்பத்திரி வார்டில் முப்பத்தோரு வருஷம் பழகிய கை. பெரிய டாக்டர் ரவுண்ட்ஸ் வருவதற்குள் படுக்கை விரிப்பில் ஒரு சுருக்கம் இருக்கக்கூடாது. சாகக் கிடக்கிறவனாக இருந்தாலும் தலை சீவியிருக்க வேண்டும். யாரோ பார்க்க வருகிறார்கள் என்றால் அந்தக் கைக்குத் தெரிந்தது அது ஒன்றுதான். பத்து மணிக்கு அவளுக்கு சுயநினைவு வந்தபோது கமோடு நாற்காலி குளியலறைக் கதவுக்குப் பின்னால் துணி போர்த்தி நின்றது. வீட்டுக்காரர் மழமழவென்று சவரம் செய்த முகத்தோடு, இஸ்திரி போட்ட சட்டையில் கழுத்துவரை பட்டன் போட்டுக்கொண்டு, கல்யாணத்துக்குப் புறப்பட்டவர் மாதிரி உட்கார்ந்திருந்தார்.

போன வருஷமும் இதே கூத்துதான். வந்த அதிகாரி பார்த்தார், போனார், 'உதவி தேவையில்லை' என்று கடிதம் வந்தது. பக்கவாதம் வந்து நாலு வருஷமாக வலது பக்கம் சரியாக வராத மனிதருக்கு உதவி தேவையில்லையாம்!

இந்த முறை அப்படி ஆகிவிடக்கூடாது. அட்டெண்டர் அம்மாவின் வலது தோளில் தசைநார் கிழிந்துவிட்டது. ஆபரேஷன் செய்தால் ஆறு வாரம் கையைக் கட்டித் தொங்கவிட வேண்டும். அந்த ஆறு வாரமும் இவரை யார் தூக்குவது? மகளுக்கு வேலை வேறு ஊரில். அதிகாரி ஒப்புக்கொண்டால் காலையும் மாலையும் ஓர் ஆள் வந்து இவரைப் பார்த்துக்கொள்ளும். இல்லையென்றால் ஆபரேஷனை மறந்துவிட வேண்டியதுதான். மகளுக்கு மட்டும்தான் இது தெரியும். அவரிடம் சொல்லவில்லை. சொன்னால் மனுஷன் அன்றைக்கே தானாக எழுந்து நடக்கிறேன் என்று விழுந்து வைப்பார்.

கமோடு நாற்காலியை இடது கையால் இழுத்து வந்து பழைய இடத்தில் போட்டாள். படுக்கை விரிப்பைக் கசக்கினாள். நாடகத்துக்குக் கசக்கியது போலவே இருந்தது. மறுபடி நீவினாள். கடைசியில் அவருடைய தலைமுடியைக் கலைக்கப் போனாள்.

"சீவினதை எதுக்குக் கலைக்கிற?"

"அதிகாரி வர்றாங்க."

"அப்ப முப்பது வருஷமா வார்டுல நீ சீவி விட்டதெல்லாம் தப்பா?"

அவர் லிப்ட் மெக்கானிக்காக இருந்தவர். கை போனாலும் வாய் போகவில்லை.

"ஏங்க, பட்டன் போட முடியுமான்னு கேட்டா என்ன சொல்லுவீங்க?"

"போடுவேன்னு சொல்லுவேன்."

"தினமும் யாருங்க போட்டு விடறது?"

"நீ அவசரப்படற. விட்டா நானே போட்டுக்குவேன். எத்தனை மாடி லிப்டா இருந்தாலும் என்னால முடியாதுன்னு ஒருத்தன்கிட்ட சொன்னதில்ல. இப்ப பட்டனுக்குப் போய் சொல்லணுமா?"

அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. இந்த வீறாப்பைத் தூக்கி நிறுத்தித்தானே தோள் கிழிந்தது என்று வாய்வரை வந்துவிட்டது. மென்று விழுங்கினாள். அழைப்பு மணி அடித்தது.

அதிகாரி ஒரு பெண். நாற்பது வயது இருக்கும். கையில் தடித்த கோப்பு. உட்கார்ந்ததும் கேள்விகளை ஆரம்பித்தார். படுக்கையிலிருந்து எழுந்திருப்பீர்களா? எழுந்திருப்பேன். குளிப்பீர்களா? குளிப்பேன். நடப்பீர்களா? தெருமுனைவரை நடப்பேன். அவர் தெருமுனையைப் பார்த்தே மூன்று வருஷம் ஆகிறது. அட்டெண்டர் அம்மா இருமினாள், கண்ணைக் காட்டினாள், பல்லைக் கடித்தாள்.

"அம்மா, அவரே சொல்லட்டும்," என்றார் அதிகாரி. பிறகு வீட்டுக்காரர் பக்கம் திரும்பினார். "ஐயா, மேல் பட்டன் ரெண்டைக் கழட்டி மறுபடி போடுங்க. அம்மா, நீங்க அங்கேயே உட்காருங்க."

கழற்றுவதற்கே இரண்டு நிமிஷம் ஆனது. போடும்போது பட்டன் துளைவரை வந்து வந்து நழுவியது. அவர் நெற்றியில் வியர்வை துளிர்த்தது. அவளுக்கு உட்கார முடியவில்லை. இரண்டு முறை எழப் பார்த்தாள். இரண்டு முறையும் அதிகாரி நிமிர்ந்து பார்த்தார். நாலு வருஷத்தில் அந்தப் பட்டனை அவர் இவ்வளவு நேரம் தொட்டதே இல்லை. தொட அவள் விட்டதில்லை.

"இன்னிக்கு என்னமோ சரியில்ல," என்று அவர் கையைத் தொங்கவிட்டார்.

அதிகாரி எழுதினார். அவளுக்குக் கொஞ்சம் மூச்சு வந்தது.

"தினமும் இதெல்லாம் யாரும்மா செய்யறது?"

"நான்தான்."

"தூக்கறது, குளிப்பாட்டறது?"

"எல்லாம் நான்தான்."

"உங்களுக்குச் சிரமமா இல்லையா?"

அவள் வாயைத் திறப்பதற்குள் அவர் முந்திக்கொண்டார். "இவளுக்கா? வார்டுல ஆளுங்களைத் தூக்கித் தூக்கிப் போட்டவ மேடம்!" அந்தக் குரலில் அத்தனை பெருமை.

"வலது கையைத் தூக்கிக் காட்டுங்கம்மா."

தூக்கினாள். காலையிலிருந்து அவருக்கு எடுத்த பாடமெல்லாம் எங்கே போனதோ! பார்க்க வந்தவர் காட்டச் சொன்னார். கை ஒரே வீச்சில் காதோடு ஒட்டி நேராக நின்றது. முகத்தில் சிரிப்புகூட இருந்தது. அதிகாரி தலையாட்டிவிட்டு எழுதக் குனிந்தார்.

கை இறங்கவில்லை.

"போதும், இறக்கு," என்றார் அவர்.

அவள் உதடு வெளுத்துவிட்டது.

"இறக்குன்னு சொல்றேன்ல!"

"இறங்கலங்க."

அதிகாரி கோப்பைப் போட்டுவிட்டு எழுந்து வந்தார். ஒரு கையை அவள் முழங்கைக்குக் கீழே கொடுத்து, இன்னொரு கையால் தோளைப் பிடித்து, மெதுவா, மெதுவா என்று சொல்லியபடியே இறக்கினார். அப்போது அட்டெண்டர் அம்மாவுக்கு அழுகை வந்துவிட்டது. வலியால் மட்டுமல்ல. அவள் உடம்பைத் தாங்க ஒருவர் கை கொடுத்து எத்தனையோ நாள் ஆகிவிட்டது.

வீட்டுக்காரர் நாற்காலியிலிருந்து எழப் பார்த்தார். பாதிகூட எழவில்லை, மறுபடி அதிலேயே தொப்பென்று விழுந்தார்.

"எத்தனை நாளா?" என்று அவளைக் கேட்டார்.

"எட்டு மாசமா. நார் கிழிஞ்சு போச்சு. ஆபரேஷன் பண்ணணுங்க. உங்களைப் பார்த்துக்க ஆள் கிடைச்சாத்தான் பண்ணிக்க முடியும்."

அவர் இடது கையால் அதிகாரியின் கோப்பைக் காட்டினார்.

"மேடம், நான் சொன்னதை எல்லாம் அடிச்சிடுங்க. முதல்ல இருந்து கேளுங்க."

அதிகாரி அவரை ஒரு கணம் பார்த்துவிட்டுப் புதிய படிவம் ஒன்றை எடுத்தார். "படுக்கையில இருந்து தனியா எழுந்திருக்க முடியுமா?"

"முடியாது."

"குளிக்க?"

"முடியாது."

காலையிலிருந்து அந்த ஒரு வார்த்தைக்காகத்தான் அவள் அவரோடு மல்லுக்கட்டினாள். இப்போது ஒவ்வொரு முடியாதையும் அவர் நிமிர்ந்து உட்கார்ந்து, தெளிவாக, வேலை முடிந்த லிப்டுக்குக் கணக்கு ஒப்பிப்பது போலச் சொல்லச் சொல்ல, அவளால் கேட்டுக்கொண்டிருக்க முடியவில்லை. இருபது கேள்விகள் இருந்தன. அவர் ஒன்றையும் விடவில்லை.