பன்னிரண்டு மீட்டர் கூடுதலாகப் பறந்த பலூன்

மார்ச் 10, திங்கள். ஒரு சிறிய தவறு செய்துவிட்டேன். சனிக்கிழமை நான் பறக்கவிட்ட பலூன், பறக்க வேண்டிய உயரத்தைவிடப் பன்னிரண்டு மீட்டர் கூடுதலாகப் பறந்திருக்கிறது.

இதை எழுதியவள் 'சிறிய' என்ற சொல்லை அடித்தாள். பிறகு, நாமே பெரிதாக்குவானேன் என்று மறுபடியும் எழுதினாள்.

பெரிய கட்டடங்களுக்கு நகரசபையிடம் அனுமதி வாங்கித் தருகிற ஓர் அலுவலகத்தில் அவள் வேலைக்குச் சேர்ந்து ஐந்து மாதமாகிறது. பையில் எந்நேரமும் ஒரு நீள ஸ்கேல் நீட்டிக்கொண்டிருப்பதால் அங்கே அவளுக்கு ஸ்கேல் என்றே பெயர். இப்போது கையில் இருக்கும் வேலை, காலியாகக் கிடக்கும் பெரிய திடலில் வரப்போகிற பத்து மாடிப் பேருந்து நிலையம். கீழே பேருந்துகள், மேலே அலுவலகங்கள். வியாழக்கிழமை நகரசபைக் குழு கூடி அனுமதி தருவதா மறுப்பதா என்று முடிவுசெய்யும். கிடைத்தால் அவளுக்கு வேலை நிரந்தரம். கிடைக்காவிட்டால் வேறு இடம் பார்த்துக்கொள்ள வேண்டியதுதான் என்று முதலாளியம்மா சுற்றி வளைக்காமல் சொல்லியிருந்தார்.

இவ்வளவு உயரக் கட்டடம் என்றால், அது எதுவரை வரும் என்று அக்கம்பக்கத்தாருக்கு முன்கூட்டியே காட்ட வேண்டும். சிவப்பு பலூன் ஒன்றைக் கயிற்றில் கட்டி, கட்டடத்தின் உச்சி வரப்போகிற இடத்தில் நிறுத்துவார்கள். வரைபடத்தில் உச்சி மட்டம் நாற்பத்தாறு என்று இருந்தது. அவளும் கயிற்றை இரண்டு முறை அளந்து நாற்பத்தாறு மீட்டர் விட்டாள். திங்கட்கிழமை, வேலை முடிந்து அவள் போகும் வரைபட வகுப்பில் ஆசிரியர், "வரைபடத்துல மட்டம்னு போட்டிருந்தா அது கடல் மட்டத்துலேருந்து. தரையோட மட்டத்தைக் கழிச்சாத்தான் உயரம்" என்று போகிற போக்கில் சொன்னபோது அவளுக்குத் தூக்கிவாரிப் போட்டது. திடலின் தரையே கடலுக்குப் பன்னிரண்டு மீட்டர் மேலே இருந்தது. கட்டடம் முப்பத்து நாலு மீட்டர்தான். மூன்றரை மாடியை அவள் காற்றிலேயே கட்டிவிட்டிருந்தாள்.

அந்தக் காற்று மாடிகளைப் பார்த்துக் கொதித்தவர்களில் முதல் ஆள், திடலுக்கு எதிரேயிருக்கும் குடியிருப்புச் சங்கத்தின் செயலாளர். அவர் வேறு யாருமில்லை, அவளுடைய சித்தி. அவள் தங்கியிருப்பதும் சித்தி வீட்டில்தான். இந்த வேலை கைக்கு வந்த அன்றே அதை முதலாளியம்மாவிடம் சொல்லிவிட்டாள். "வீட்டுக்குள்ளயே எதிர்க்கட்சியா? சாப்பாட்டுல மட்டும் ஜாக்கிரதையா இரு" என்று அவர் சிரித்திருந்தார்.

செவ்வாய் காலை அவர் சிரிக்க மாட்டார் என்று நினைத்துக்கொண்டே அறைக்குள் போனாள் ஸ்கேல். விஷயத்தைச் சொல்லி முடித்துத் தலையைக் குனிந்துகொண்டாள். நிமிர்ந்து பார்த்தால், முதலாளியம்மா வாயெல்லாம் பல்லாக உட்கார்ந்திருந்தார்.

"அடி அசடே, இதுக்கா அழுமூஞ்சி? வியாழக்கிழமை எழுந்து நின்னு, மக்களோட மனசுக்கு மதிப்புக் குடுத்து மூணரை மாடி குறைச்சுட்டோம்னு சொல்லுவோம். கை தட்டி அனுமதி குடுப்பாங்க. உனக்கும் வேலை நிச்சயம்."

அவளுக்கு ஒரு நிமிடம் அது நியாயமாகவே பட்டது. அடுத்த நிமிடம் நகரசபையில் கொடுத்த வரைபடம் நினைவுக்கு வந்தது.

"மேடம், உச்சி மட்டம், தரை மட்டம் ரெண்டும் போட்டு நாம குடுத்த வரைபடம் ஜனவரியிலேருந்து நகரசபைல இருக்கு. யார் வேணும்னாலும் போய்ப் பார்க்கலாம். அனுமதி கிடைச்சப்புறம் ஒருத்தர் பார்த்துட்டாக்கூட கோர்ட்டுக்குப் போயிடுவாங்க. வாங்கின அனுமதியே போயிடும்."

"யாரு அவ்வளவு மெனக்கெட்டுப் போய்ப் பார்ப்பா?"

"எங்க சித்தி."

முதலாளியம்மாவின் முகத்திலிருந்த சிரிப்பு மெல்லச் சுருங்கியது. ஜன்னல் பக்கம் போய் நின்றார். "ஸ்கேல்னு சரியாத்தான் பேர் வெச்சோம். வளையவே மாட்டேங்கிற" என்றார். "சரி, உங்க சித்திகிட்ட போய்ச் சொல்லு. ஆனா அனுமதி போச்சுன்னா நான் சொன்னது சொன்னதுதான்."

சாயங்காலம் அவள் வீட்டுக்குள் நுழைந்தபோது கூடம் முழுக்க அட்டைகள் காய்ந்துகொண்டிருந்தன. 'வானத்தை மறைக்காதே' என்று ஓர் அட்டையில் சித்தி சிவப்பு மையில் எழுதிக்கொண்டிருந்தார். சித்தப்பா இரண்டு பக்கமும் சேராதவர் என்பதால் நாற்காலிமேல் காலைத் தூக்கி வைத்துக்கொண்டு, மையைத் தொடாமல் செய்தித்தாள் படித்தார்.

அவள் சொன்னாள். சித்தி தூரிகையைக் கீழே வைத்தார்.

"அப்போ வேணும்னேதான் தூக்கிக் காட்டியிருக்கீங்க. முதல்ல பூதத்தைக் காட்டிட்டு அப்புறம் பூனையைக் காட்டினா, நாங்க அப்பாடான்னு போயிடுவோம்னு கணக்கு. யார்கிட்ட கதை விடுற?"

"ஐயோ சித்தி, சத்தியமா எனக்குக் கழிக்கத் தெரியலை!"

"தெருவில எல்லாருக்கும் கணக்குச் சொல்லித் தர்றவளுக்குக் கழிக்கத் தெரியலையாம். கேட்டீங்களா?"

"கேட்டேன்" என்றார் சித்தப்பா, தாளுக்குப் பின்னாலிருந்து. "அவ மூஞ்சியைப் பாரு. திட்டம் போட்டு ஏமாத்துற மூஞ்சியா அது?"

சித்தி பார்த்தார். "மூஞ்சியை நம்பி நான் எதிர்ப்பு மனுவில போட்ட கையெழுத்தை வாபஸ் வாங்க முடியாது."

"நம்ப வேண்டாம் சித்தி. நாளைக்குக் காலைல மறுபடி பறக்க விடறேன். கயித்தை நீங்களே அளங்க, நீங்களே பிடிங்க. நான் தொடக்கூட மாட்டேன்."

புதன்கிழமை காலை திடலில் ஒரே கூட்டம். சித்தி சொந்த டேப்பைக் கொண்டுவந்து கயிற்றை அளந்தார். பக்கத்து வீட்டுத் தையல்காரர் சரிபார்த்தார். முப்பத்து நாலில் முடிச்சுப் போட்டு பலூனை விட்டார்கள். காற்று இழுத்த இழுப்பில் சித்தியின் செருப்பு ஒன்று கழன்றது.

"சித்தி, உங்களையும் சேர்த்து நாற்பத்தாறுக்குத் தூக்கிடப் போகுது!"

"தூக்கட்டும். மேலேருந்து உன் ஆபீஸை நல்லாப் பார்த்துக்கறேன்!"

சிரிப்பு அடங்கியதும் எல்லோரும் அண்ணாந்து பார்த்தார்கள். பலூன் குடியிருப்பின் தண்ணீர்த் தொட்டிக்குக் கொஞ்சம் மேலே தயங்கி நின்றது. தையல்காரர்தான் முதலில், "இது பரவாயில்லையே" என்றார். சித்தி கயிற்றை அவரிடம் கொடுத்துவிட்டு, "அந்த வரைபடம் முழுசையும் காட்டு" என்று அவள் பையைப் பிடுங்கினார். கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு ஒவ்வொரு தாளாகப் பார்த்தார்.

வியாழக்கிழமை விசாரணை அறையில் நாற்காலி போதவில்லை. குழுத் தலைவர் கேட்பதற்கு முன்பே ஸ்கேல் எழுந்து, சனிக்கிழமை பலூன் பறந்தது தவறான உயரம் என்றும், தவறு தன்னுடையது என்றும், கட்டடத்தில் ஒரு செங்கல்கூடக் குறைக்கப்படவில்லை என்றும் சொன்னாள். பக்கத்தில் முதலாளியம்மா பேனாவைத் திறப்பதும் மூடுவதுமாக இருந்தார்.

சித்தி எழுந்தார்.

"உயரத்துல எங்களுக்கு ஆட்சேபணை இல்லை. நாங்களே அளந்துட்டோம். ஆனா இத்தனை நாள் எல்லாரும் மேலயே பார்த்துக்கிட்டிருந்தோம். கீழ பார்த்தா, பஸ் வெளியே வர்ற வாசல் எங்க குடியிருப்பு வாசலுக்கு நேர் எதிர்ல இருக்கு. பிள்ளைங்க பள்ளிக்கூடம் போற நேரத்துல நிமிஷத்துக்கு ஒரு பஸ் வந்தா, அவங்க எப்படிங்க கடப்பாங்க?"

ஸ்கேலுக்கு முகம் சூடேறியது. அந்த வாசலை அவள் வரைபடத்தில் நூறு தடவை பார்த்திருக்கிறாள், அதன் எதிரே ஒருவர் சாலையைக் கடப்பதை ஒரு தடவைகூட நினைத்துப் பார்த்ததில்லை. தலைவர் முதலாளியம்மாவைப் பார்த்தார்.

"பின்பக்கச் சாலை அகலமா இருக்கு" என்றார் முதலாளியம்மா, பேனாவை மூடி. "வாசலை அங்கே மாத்தலாம். எங்களுக்குத் தடையில்லை."

குழு கூடிப் பேசி வந்தது. வெளிவாசல் பின்பக்கம் மாற வேண்டும் என்ற நிபந்தனையோடு, ஒருமனதாக அனுமதி.

வெளியே படிக்கட்டில் முதலாளியம்மா அவளை நிறுத்தினார். "திங்கட்கிழமை நிரந்தரக் கடிதம் வாங்கிக்க. அப்புறம், உங்க சித்திக்கு வேலை ஏதாவது வேணுமா கேளு."

"வர மாட்டாங்க மேடம். உங்ககிட்ட சம்பளம் வாங்கிக்கிட்டு உங்களையே எதிர்க்க முடியாதேன்னு சொல்லுவாங்க."

வீட்டில் அன்று சித்தி அட்டைகளைத் திருப்பிப் போட்டு, வெள்ளைப் பக்கம் வீணாகக் கூடாது என்று அடுக்கி வைத்துக்கொண்டிருந்தார். அவள் அறைக்குப் போய் நாட்குறிப்பைத் திறந்தாள்.

மார்ச் 13, வியாழன். அனுமதி கிடைத்தது. நாளைய வேலை: பேருந்து வெளியேறும் வாசலைப் பின்பக்கச் சாலைக்கு மாற்றி வரைய வேண்டும். வரைவதற்கு முன், பள்ளி விடும் நேரத்தில் அந்தச் சாலையை நடந்து கடந்து பார்க்க வேண்டும்.